பின் குசினிக்குப் பக்கத்தில் ஒரு ஹீட் பம்ப்

1

எங்கள் ஹீட் பம்புக்கு வருடாந்த சர்வீஸ் செய்யும் காலம் வந்துவிட்டது என்று கம்பெனிக்காரர் எழுதிய கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. வாசித்ததும் ஓடிப்போய்ப் பின் வளவை எட்டிப் பார்த்தேன். கடிதத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. நாளும் நேரமும் சொல்லி, நாய் இருந்தால் கட்டிவைக்கும்படி கேட்டிருந்தார்கள். எங்களிடம் நாயும் இல்லை. ஆனாலும் போன ஜனவரியில் அந்த மெஷின் என்னைப் படுத்திய பாடு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. எழுதிவிட்டால் போகுமோ என்று பார்க்கிறேன்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஹீட் பம்ப் என்றால் என்னவென்று முதலில் சொல்லவேண்டும். கொழும்பில் ஏசி போட்ட வீடுகளுக்கு வெளியே ஒரு பெட்டி நின்று சூட்டுக் காற்றை ஊதுமே, கிட்டத்தட்ட அதே பெட்டிதான். இந்தக் குளிர் நாட்டில் அது தலைகீழாக வேலை செய்கிறது. வெளிக் காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, குளிர்காற்றை வெளியே ஊதித் தள்ளும். தண்ணீர் உறைகிற குளிரில் என்ன சூடு இருக்கப்போகிறது என்று நானும் கேட்டேன். இருக்கிறதாம். என் மகள் ஆரணி படம் கீறி விளக்கினாள். அவள் தூரத்தில் பிரிஸ்டல் நகரத்தில் வேலை செய்கிறாள். பூமி சூடாகிறதே என்று கவலைப்படுகிற பிள்ளை. நானோ வீடு சூடாகவில்லையே என்று கவலைப்படுகிறவள். நாலு வருடத்துக்கு முன் அவள்தான் படிவம் எல்லாம் நிரப்பி, வீட்டை நல்லாய்ச் சூடாக்கிக்கொண்டிருந்த காஸ் பொயிலரைக் கழற்றுவித்து, இந்த மெஷினைப் பின் வளவில் நிறுத்திவைத்தாள்.

2

போன ஜனவரியில் இவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இவர் என்றால் என் கணவர். முப்பத்தாறு வருடமாகப் பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இனியும் வராது. எழுபத்தொரு வயது, பலவீனமான இதயம், அதற்கு மேலே நியூமோனியா. பதினாறு நாள் கிடந்தபின், வியாழக்கிழமை வீட்டுக்கு விடலாம் என்று டாக்டர் சொன்னார். நான் அந்த இடத்திலேயே கும்பிட்டேன்.

ஆனால் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் ஒழுங்குகளைப் பார்க்கிற நர்ஸ் ஒரு நிபந்தனை வைத்தார். இவர் படுக்கிற அறை எந்த நேரமும் பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. குளிர் பட்டால் நெஞ்சு திரும்பவும் அடைத்துவிடும். வீட்டில் சூடு போதாவிட்டால் இரண்டு மூன்று வாரம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடலாம் என்று மிகவும் அன்பாகச் சொன்னார்.

இவருடைய முகம் செத்துப்போனது. பக்கத்துப் பகுதியான கோலியர்ஸ் வுட்டில் எங்களுக்குப் பழக்கமான ஒரு அண்ணை, இரண்டு வாரத்துக்கு என்று அப்படி ஒரு இடத்துக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சேர், என்னை அங்கை அனுப்ப விட்டிடாதை. என்ன நடந்தாலும் வீட்டிலை நடக்கட்டும்."

"விசர்க் கதை கதையாதையுங்கோ. வியாழக்கிழமை நீங்கள் வீட்டை வாறீங்கள்" என்றேன்.

இது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை விடிய எழும்பி, சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்குகிற ரேடியேற்றரில் கையை வைத்தேன். குளத்துக் கல்லைத் தொட்டது போல இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பின் வளவுக்கு ஓடினேன். மெஷினின் பின்பக்கம் முழுக்க ஒரு சாண் தடிப்பில் பனிக்கட்டி. உள்ளே மின்விசிறி சுற்றப் பார்த்து, கறக் கறக் என்று முனகி, நின்றுவிட்டது. வீட்டுக்குள் இருக்கிற சின்னத் திரையில் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் மின்னிக்கொண்டிருந்தன. ஐயோ கடவுளே, இந்தக் கிழமையா நீ பார்த்துக் கெடவேண்டும் என்று அந்தப் பெட்டியைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன்.

3

கம்பெனிக்கு போன் எடுத்தேன். முக்கால் மணித்தியாலம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண்பிள்ளை வந்து பெயர், முகவரி, திரையில் மின்னுகிற இலக்கம் எல்லாம் கேட்டாள். கடைசியாக, வீட்டில் முதியவர்கள், நோயாளிகள், கைக்குழந்தைகள் என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

கேள்வி முடியமுன்னமே என் வாய் அதைச் சொல்லிவிட்டது. அடுத்த புதன்கிழமை, அதாவது ஒன்பது நாள் கழித்து, ஆள் அனுப்புவதாக அவள் பதிந்தாள். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கினவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு விளங்கும். அகதி விண்ணப்பத்துக்கு என்னை விசாரித்த நாளில், எங்களை அழைத்துப்போன தெரிந்த பெடியன் வாசலில் வைத்து ஒரு புத்தி சொன்னான்: "அக்கா, கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ. ஓம் எண்டால் இன்னும் பத்துக் கேள்வி வரும். இல்லை எண்டால் அதோடை முடிஞ்சிடும்." அன்றைக்கு அது என்னைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு கவுன்சில் என்கிற நகரசபை, பள்ளிக்கூடம், டாக்டர், யார் என்ன கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். வீட்டில் பிரச்சினை ஏதும் உண்டா? இல்லை. உதவி வேண்டுமா? இல்லை. சுகமா? நல்ல சுகம்.

அதுமட்டும் இல்லை. நோயாளி இருக்கிறார் என்றால் அது எங்கே போய்ச் சேரும்? ஆஸ்பத்திரிக்குத் தெரியவந்து, வீடு குளிர் என்று எழுதி, இவரை அந்த இல்லத்துக்கு ஏற்றிவிட்டால்? கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று இப்போது அறிவு சொல்கிறது. அன்றைக்கு எனக்கு எல்லா அலுவலகமும் ஒரே அலுவலகமாகத்தான் தெரிந்தது. இரவு இவரோடு போனில் கதைத்தபோதும், வீட்டில் எல்லாம் சுகம் என்றுதான் சொன்னேன்.

4

செவ்வாய்க்கிழமை நானே திருத்தப் புறப்பட்டேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுபோய் பனிக்கட்டியில் ஊற்றினேன். ஆவி பறந்தது, கட்டி கொஞ்சம் உருகியது, எனக்கும் நம்பிக்கை வந்தது. ஆறு கேத்தில் ஊற்றினேன். உருகின தண்ணீர் கீழே தட்டில் தேங்கி, அரை மணித்தியாலத்தில் கண்ணாடி போல இறுகி, தண்ணீர் வடிகிற துவாரத்தையும் சேர்த்து அடைத்துவிட்டது. பிறகு அகப்பைக் காம்பால் சுரண்டினேன். பின்பக்கத்தில் கடதாசி போல மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் நாலைந்து மடிந்துபோயின. அதோடு கையை எடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மார்கரெட் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தனியே இருக்கிற ஆங்கிலேயப் பெண்மணி, எண்பதை நெருங்குகிற வயது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் தன்னுடைய மின்சார ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எங்களிடம் பழைய ஹீட்டர் ஒன்றும் இருந்தது. இவருக்கு மாடி ஏற ஏலாது என்பதால் முன் அறையில்தான் கட்டில் போட்டிருந்தேன். இரண்டு ஹீட்டரையும் அங்கே போட்டேன். பதினாலு டிகிரி வந்தது. பதினைந்து வந்தது. தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டேன். டப்பென்று வீடு முழுக்கக் கரன்ட் நின்றது.

இருட்டு வீட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியைத் தடவிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. வார்டு நர்ஸ்.

"வீட்டில் எல்லாம் தயாரா? சூடு பரவாயில்லையா?"

"நல்ல சூடு" என்றேன். வாயால் புகை வந்தது.

5

அன்று இரவு ஆரணி போன் எடுத்தாள். நான் இரண்டு நாளாக அவளுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் குற்ற உணர்ச்சியில் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வரமாட்டாளோ என்றும் பயந்தேன். ஆனால் அவளுடைய போனிலும் அந்த மெஷினின் நிலவரம் தெரியுமாம். எனக்கு அது தெரியாது.

"அம்மா, சிஸ்டம் ரெண்டு நாளா டவுன். ஏன் சொல்லேல்லை?"

"வாற புதன் ஆள் வருது பிள்ளை."

"நெக்ஸ்ட் வெட்னஸ்டேயா? அப்பா தேர்ஸ்டே வாறார்! வீட்டிலை சிக் ஆட்கள் இருந்தா அவங்க அடுத்த நாளே வரோணும். உங்களைக் கேக்கேல்லையா?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அம்மா! நோ எண்டு சொன்னீங்களா?"

"அப்பா இப்ப வீட்டிலை இல்லைத்தானே" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் கத்தவில்லை. தான் கம்பெனியோடு கதைத்துப் பார்த்தாளாம். கணக்கு என் பெயரில் இருப்பதால் மகளாக இருந்தாலும் கதைக்க ஏலாது என்றுவிட்டார்களாம். "நீங்கதான் எடுத்துச் சொல்லோணும், அம்மா. ஐ கான்ட் டூ இட் ஃபோர் யூ" என்றாள்.

அவளுக்குச் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. ஆள் வந்தால் பின் குசினியைப் பார்த்துவிடுவான். வருடாந்த சர்வீஸையும் அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன்.

ஆரணிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து கோட்டைக் கழற்றி நிலத்தில் எறிந்தாள். "என்ர கோட் மீன் மணக்குதாம். ஒருத்தரும் பக்கத்திலை இருக்கினமில்லை" என்று விக்கி விக்கி அழுதாள். அடுத்த சனி ஞாயிறு இவரும் ஒரு சிநேகிதரும் பலகையும் பிளாஸ்டிக் தகரமும் வாங்கிவந்து, பின் வளவில் ஒரு கொட்டில் அடித்தார்கள். காஸ் அடுப்பு, பொரிக்கிற தாச்சி, ஒரு புகை இழுக்கிற ஃபேன். அன்றிலிருந்து பொரிக்கிறது, தாளிக்கிறது, தூள் வறுக்கிறது எல்லாம் அங்கேதான். இங்கே எத்தனையோ தமிழ் வீடுகளில் இருக்கிற சங்கதிதான். கவுன்சிலிடம் அனுமதி எடுத்தோமா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பிள்ளை படித்து முடித்துப் பிரிஸ்டலுக்கும் போய்விட்டாள். கோட் மணக்க வீட்டில் ஒருவரும் இல்லை. ஆனாலும் நான் ஜனவரிக் குளிரிலும் வெளியே நின்றுதான் பொரிக்கிறேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே கம்பெனிக்கு எடுத்தேன். இந்த முறை ஒரு ஆண். எழுதிவைத்துப் பாடமாக்கிய ஆங்கிலம் எல்லாம் மறந்துபோனது. "என் கணவருக்குச் சுகமில்லை. நாளைக்கு வீட்டுக்கு வருகிறார். திங்கட்கிழமை நான் பொய் சொல்லிவிட்டேன். குளிர் பட்டால் அவர் செத்துப்போவார்" என்று உடைந்த ஆங்கிலத்தில் கொட்டிவிட்டு அழுதேன். பத்துக் கேள்வி வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். பகல் ஒரு மணிக்கு வீட்டில் இருப்பீர்களா என்றார்.

6

ஒரு மணிக்குள் பின் குசினியை மறைக்கவேண்டும். காஸ் சிலிண்டரைக் கட்டிலுக்குக் கீழே உருட்டினேன். தாச்சியைக் குளியலறைக்குள் வைத்தேன். கொட்டில் கதவுக்கு முன்னால் நாலு சூட்கேஸை அடுக்கினேன். ஃபேன் இருக்கிற ஓட்டைக்கு மேலே ஒரு தறப்பாள் துண்டைத் தொங்கவிட்டேன்.

வந்தவர் ஒரு தமிழர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மலேசியாவிலிருந்து இங்கே படிக்கவந்து தங்கிவிட்டவராம், பெயர் லோகன். எனக்கு நெஞ்சு பாதி குளிர்ந்தது, பாதி பதறியது. வெள்ளைக்காரன் என்றால் ஏதும் சொல்லிச் சமாளிக்கலாம். தமிழனிடம் எப்படி?

இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பனியைக் கரைத்தார். நான் மடக்கிய தகடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சீப்புப் போன்ற ஒரு கருவியால் வாரி நிமிர்த்தினார். பிறகு தகடுகளுக்கிடையில் விரலை விட்டு எடுத்தார். விரலில் மஞ்சளாய், பிசுபிசு என்று ஒரு களி. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அக்கா, இது எண்ணெய். காத்து போற வழியெல்லாம் அடைச்சிருக்கு. அதான் பனி கட்டுது. எங்கேருந்து வருது?"

"எண்ணெயோ? எனக்குத் தெரியாது தம்பி. பக்கத்து வீட்டிலை வெளியிலை வைச்சு இறைச்சி சுடுறவை."

ஹீட்டர் தந்த மார்கரெட்டின் தலையில் பழியைப் போட்டேன். இதை எழுதவே கூசுகிறது.

"ஜனவரி மாசத்துல பார்பிக்யூவா?" அவர் சிரித்தார். "இதுல கடுகு ஒட்டியிருக்குக்கா."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"நான் இன்னிக்கு கழுவி ஓட வெச்சிடுவேன். ஆனா எங்கேருந்து வருதுன்னு தெரியாம விட்டா திரும்ப அடைக்கும். இன்னொரு குளிர்ல, நடு ராத்திரியில நிக்கும். அப்ப வீட்டுல அண்ணன் இருப்பாரு. அதை யோசிச்சுக்கங்க."

நான் போய் சூட்கேஸ்களை ஒவ்வொன்றாக இழுத்தேன். அவரும் வந்து இரண்டைத் தூக்கினார். தறப்பாளைக் கழற்றினேன். எல்லாம் வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. மெஷின் வந்த புதிதில் அதன் இரைச்சல் கொட்டில் வாசலால் வந்து என் காதில் அடித்தது. அதனால் இவர் வாசலை மற்றப் பக்கம் மாற்றி, இந்தப் பக்கம் பலகை அடித்து, அதில் ஃபேனைப் பூட்டினார். மெஷின் பின்பக்கத்தால் காற்றை இழுக்கிறது. எங்கள் ஃபேன் எண்ணெய்ப் புகையைச் சரியாக அந்தப் பின்பக்கத்தில் ஊதுகிறது. அன்றிலிருந்து நான் பொரித்த மீனும் வடையும் அந்த மெஷினின் மூக்குக்குள்தான் போயிருக்கின்றன.

"கவுன்சிலுக்கு அறிவிப்பீங்களோ தம்பி?"

"எதுக்குக்கா? நான் ஹீட் பம்ப் பாக்க வந்தவன். எங்க ஊர்ல இதுக்கு வெட் கிச்சன்னு பேரு. வீடு கட்டும்போதே பிளான்ல போட்டிடுவாங்க."

பெயர் வைத்து, வரைபடத்தில் போட்டு, ஊரறியக் கட்டுகிறார்களாம். நான் இருபது வருடமாக ஒளித்துவைத்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நுரை மருந்தடித்து, மெதுவாகத் தண்ணீர் விட்டு மூன்று தரம் கழுவினார். தட்டின் துவாரத்தைத் திறந்தார். புகைக்குழாய் ஒன்று பூட்டி மேலே கூரையால் விடும்வரை அந்த ஃபேனைத் தொடக்கூடாது என்று சொன்னார். மூன்றரைக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. "ஒரேயடியா சூடாகாதுக்கா. வீடு நல்லா குளிர்ந்து போச்சு. நாளைக்கு மத்தியானம் ஆகலாம். கூட்டிக் குறைச்சு விளையாடாதீங்க, அப்படியே விட்டுடுங்க" என்றார்.

நாளைக்கு மத்தியானம்தான் ஆம்புலன்ஸ் வரும் நேரமும்.

7

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பதின்மூன்று டிகிரி. ஒன்பது மணிக்குப் பதினைந்து. நான் சூட்டளவு காட்டுகிற தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பத்தரைக்கு மெஷின் திடீரென்று நின்றது. பின் வளவுக்கு ஓடினால் அதிலிருந்து புகை புகையாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. தன்மேல் பிடித்த பனியைத் தானே உருக்கும்போது அப்படித்தான் நின்று ஆவி விடும் என்று லோகன் சொல்லியிருந்தார். பயத்தில் அது மூளையில் ஏறவில்லை. ஐந்து நிமிடத்தில் திரும்ப ஓடியது. பதினொன்றரைக்குப் பதினேழு.

ஒன்றேகாலுக்கு ஆம்புலன்ஸ்காரர் இவரைக் கதிரையில் வைத்து உள்ளே தூக்கி வந்தபோது, பதினெட்டரை. இவரைக் கட்டிலில் கிடத்தி, போர்வை மூடி, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். எனக்கென்ன தெரியும், நான் டாக்டரா? ஆனாலும் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, வீடுகளுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் வந்தார். காய்ச்சல், நாடி எல்லாம் பார்த்தார். "வீடு நல்ல சூடு. உங்கள் கணவர் சொன்னது சரிதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"அவர் என்ன சொன்னார்?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளைக் காட்டினார். வார்டில் இவரிடமும் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீடு எப்போதும் சூடு, மனைவி ஹீட்டிங்கைக் கூட்டிவைத்து எனக்கு வேர்த்து ஒழுகும் என்று சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை என்று திகதி போட்டிருந்தது.

நர்ஸ் போனபின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"வீடு சூடு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"பின்னை?"

"திங்கக்கிழமை நீ போனிலை கதைக்கேக்கை பல்லு அடிச்சது கேட்டது."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "தெரிஞ்சுகொண்டோ பொய் சொன்னனீங்கள்? இந்த நெஞ்சோடை குளிருக்கை வந்து படுத்து, ஏதும் நடந்திருந்தால்? அந்த இடத்துக்குப் போக அவ்வளவு பயமோ உங்களுக்கு?"

"ஞாயிற்றுக்கிழமை பயந்தனான்தான்" என்றார். மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "செவ்வாய்க்கிழமை அந்த நர்ஸ் கேக்கேக்கை அது ஞாபகத்திலை இல்லை. நீ தனிய விறைச்சுக்கொண்டு நிக்கிறாய். நான் அங்கை சூட்டுக்கை படுத்திருந்து என்ன செய்யிறது?"

நல்லாய் ஏசவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கட்டில் ஓரத்தில் இருந்து, நாலு நாளும் சேர்த்துவைத்ததை எல்லாம் அழுதேன். அவர் போர்வையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"வா. உன்ர கால் விறைக்கப்போகுது."

அறையில் இருபது டிகிரி இருந்தது. ஆனாலும் காலை உள்ளே நீட்டினேன்.